பூட்டியிருக்கிறதா என்று திறந்து பார்த்தவர்

காலை எட்டு பத்து. அது டோக்கியோ நேரம். ஜப்பான்காரர்கள் வந்ததும் நாட்டிலிருந்த கடிகாரங்களையெல்லாம் ஒன்றரை மணி முன்னால் தள்ளி வைத்துவிட்டார்கள். அதனால் வெயில் இன்னும் ஏறவில்லை. நெல்வயல்களின் மேல் மூட்டம் கலையாமல் கிடந்தது. வேலையில் சேர வந்த நான் பிளாட்பாரத்தில் இறங்கியதும் முதலில் பார்த்தது, தண்டவாளத்தின் ஓரத்தில் முழங்காலிட்டிருந்த ஒரு மனிதரை. வெள்ளைக் கோட்டு, வெள்ளைக் கால்சட்டை. இரண்டும் ஒட்டுப் போட்டவை, இரண்டும் பளிச்சென்று துவைத்தவை. கும்பிடுகிறார் என்றுதான் நினைத்தேன். கிட்டப் போனபோது அவர் கையில் ஒரு பித்தளைப் பூட்டு தெரிந்தது. அதை இழுத்துப் பார்த்தார், எழுந்தார், சில அடி நடந்தார், திரும்பி வந்து மறுபடியும் முழங்காலிட்டார்.

பின்னால் தலையில் துண்டு கட்டிய ஒருவர் நின்றிருந்தார்.

"சார், அது பூட்டித்தான் இருக்கு சார்."

"தெரியும் முனியாண்டி."

"தெரிஞ்சா எந்திரிங்க சார். பூட்டு தேயறதுக்கு முன்னாடி உங்க முட்டி தேஞ்சிரும்."

முழங்காலிட்டிருந்தவர் ஞானப்பிரகாசம், உதவி ஸ்டேஷன் மாஸ்டர். துண்டு கட்டியவர் முனியாண்டி, பாயிண்ட்காரர். நான் தந்திக் குமாஸ்தா. பெரிய மாஸ்டரை வேறு ஊருக்கு மாற்றிவிட்டிருந்ததால் அந்த நிலையத்தின் முழு ஆள்பலமே நாங்கள் மூவர்தான்.

புதிதாக வேலைக்கு வந்திருக்கும் நீங்கள் பொத்தானை அழுத்தினால் தொலைவில் தண்டவாளம் திரும்புகிறது, விளக்கு நிறம் மாறுகிறது. எங்கள் காலத்தில் அது கைவேலை. வண்டி பக்கத்துத் தடத்துக்குத் திரும்பும் இடத்துக்குப் பாயிண்டு என்று பெயர். அங்கே ஓர் இரும்பு நெம்புகோல் இருக்கும். அதைப் படுக்க வைத்தால் வண்டி நேரே போகும். நிமிர்த்தினால் பக்கத் தடத்துக்குப் போகும். பாதியில் நின்றால் கவிழும். அது அசையாமலிருக்கப் பூட்டு. சாவி பொறுப்பிலிருப்பவரின் இடுப்புச் சங்கிலியில். இவ்வளவு தெரிந்தால் நான் சொல்லப்போவது விளங்கும்.

நிலையம் அலோர் ஸ்டாருக்குத் தெற்கே, பெண்டாங் பக்கத்து வயல்களின் விளிம்பில் இருந்தது. சாதாரணக் காலத்தில் நெல்லும் வாத்தும் ஏற்றுகிற இடம். அப்போதோ தெற்கிலிருந்து வந்த சரக்கு வண்டிகளில் ஆட்கள் போய்க்கொண்டிருந்தார்கள். தோட்டங்களிலிருந்து பிடித்த நம் ஆட்கள், சயாமில் போடுகிற புது ரயில் பாதைக்கு. இரும்புப் பெட்டிகளின் கதவு ஒரு சாண் திறந்திருக்கும். அந்தச் சந்தில் விரல்கள் தெரியும். அந்த வண்டிகள் எங்கள் நிலையத்தில் நிற்பதில்லை.

பிளாட்பாரத்தின் நிழல் முனையில் ஒரு பிரம்பு நாற்காலி கிடந்தது. அதில் காவலுக்கிருந்த ஜப்பானியக் கார்ப்பொரல் உட்கார்ந்திருப்பார். அவர் பெயர் எங்களுக்குத் தெரியாது. அவரைத் தாண்டும்போதெல்லாம் நின்று, இடுப்பை மடக்கிக் குனிய வேண்டும். அவர் தலையசைத்த பிறகுதான் நிமிரலாம். சில நாள் உடனே தலையசைப்பார். சில நாள் சிகரெட் முடியும்வரை அசைக்க மாட்டார். அவர் கோபமாக இருந்தால் அடி விழும், அதோடு முடிந்தது. சிரித்துக்கொண்டிருந்தால்தான் எங்களுக்குப் பயம்.

ஞானப்பிரகாசத்தைப் பற்றி முதலில் சொல்ல வேண்டியது, அவர் கடுமையானவர் அல்ல என்பது. எல்லாம் அப்பழுக்கில்லாமல் இருக்க வேண்டுமென்று நினைக்கிறவர்களைப் பற்றி உங்களுக்கு ஒரு படம் இருக்கும். கீழே உள்ளவர்களை விரட்டுவார்கள், குறை கண்டுபிடிப்பார்கள் என்று. இவர் அப்படியில்லை. ஒருநாள் மாலை சிக்னல் விளக்கு அணைந்துபோய்விட்டது. மண்ணெண்ணெய் கிடைக்காமல் செம்பனை எண்ணெய் ஊற்றி எரித்துக்கொண்டிருந்த காலம். அணைந்ததைப் பார்க்காதது முனியாண்டியின் குற்றம். முனியாண்டி பயந்துகொண்டே வந்து சொன்னார். ஞானப்பிரகாசம் விளக்கைக் கையில் வாங்கித் திரியைக் கிள்ளிவிட்டு, "இந்த எண்ணெய்க்கு இவ்வளவு நேரம் எரிஞ்சதே பெருசு. போய்ச் சாப்பிடு" என்றார். அவ்வளவுதான்.

தம்மிடம் மட்டும் அவர் அப்படிப் பேசியதில்லை. ஒரு தந்தியில் கையெழுத்து கோணலாக விழுந்தால் அன்று முழுவதும் அதையே சொல்லிக்கொண்டிருப்பார். "கண்ணு இருக்கா எனக்கு? மாடு மேய்க்கப் போயிருக்கலாம்." நின்றபடியே சாப்பிடுவார். சட்டைக் கழுத்துக்கும் அவர் கழுத்துக்கும் நடுவே இரண்டு விரல் போகும் இடைவெளி வந்திருந்தது. பூட்டை இழுத்து இழுத்து வலக்கை விரல் நுனிகள் வெடித்திருந்தன. தூங்கவில்லை என்பதைக் கண்களே சொல்லின. மற்றவர்களுக்கு அளந்து போட்ட இரக்கத்தில் ஒரு பிடிகூட அவர் தமக்கென்று எடுத்து வைத்துக்கொள்ளவில்லை.

காரணத்தை முனியாண்டிதான் சொன்னார். மதியம் அறைக்குப் பின்னால் உட்கார்ந்து மரவள்ளிக் கிழங்கு தின்றுகொண்டிருந்தோம்.

"எனக்கு முன்னாடி இங்க வேலுன்னு ஒருத்தர் பாயிண்ட்காரரு. ஒருநாள் பூட்டை மாட்டுனாரு, அமுக்கல. தொங்கிட்டு நின்னுச்சு. வண்டி நல்லாத்தான் போச்சு, ஒண்ணும் ஆவல. அப்புறமா அந்தக் கார்ப்பொரல் நடந்து போவறப்போ கண்ணுல பட்டுருச்சு. வேணும்னே செஞ்சதுன்னு சொல்லிட்டான். அலோர் ஸ்டாருக்குக் கொண்டு போனாங்க, ராணுவப் போலீஸுக்கு."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன. போனாரு." முனியாண்டி கிழங்குத் தோலை வாத்துக்கு எறிந்தார். "வண்டிக்கு முன்னாடி பூட்டை ஒருதரம் பாக்கறது மாஸ்டர் வேலை. அன்னைக்குச் சாருக்குக் காய்ச்சல், பாக்கல. அதைப் புடிச்சிக்கிட்டாரு. சூசாலா தம்பி, இவரோட பெரிய கஷ்டம். வேலு பொண்டாட்டி பாக்கியம் இங்கதான் ரயில்வே லயத்து வீட்டுல இருக்கு, வண்டிக்கு வர்ற ஆளுங்களுக்குக் கிழங்கு அவிச்சு விக்குது. அது எதுக்க வந்தா இவரு தண்டவாளத்துல இறங்கிச் சுத்திக்கிட்டுப் போவாரு. அது ஒருநாளும் ஒரு வார்த்தை கேட்டதில்ல."

ஞானப்பிரகாசம் கத்தோலிக்கர். மனைவியும் பிள்ளைகளும் அலோர் ஸ்டார் பக்கத்து மெர்கோங்கில் மாமியார் வீட்டில் இருந்தார்கள். அவர்களைப் பார்க்கப் போகும்போதெல்லாம் கோயிலுக்கும் போய் வேலுவின் விஷயத்தைப் பாவசங்கீர்த்தனத்தில் சொல்லியிருக்கிறார். சாமியார் மன்னித்தார். அடுத்த மாதம் போய் அதே பாவத்தை மறுபடி சொன்னார். ஒரு கட்டத்தில் சாமியார், இதை இனி கொண்டு வராதே, இது தீர்ந்துபோனது என்று சொல்லிவிட்டாராம். "அவருக்குத் தீர்ந்துபோச்சு" என்றார் ஞானப்பிரகாசம் என்னிடம்.

இப்போது அந்தப் பழக்கத்தைச் சொல்ல வேண்டும். நம் தொழிலில் இருப்பவர்களுக்கு மட்டுமே வரக்கூடிய ஒரு பழக்கம்.

முதலில் பூட்டை இழுத்துப் பார்த்தார். பிறகு இழுத்தது போதுமா என்ற சந்தேகம் வந்தது. பூட்டின் உள்ளே நாக்கு முழுவதும் விழுந்திருக்கிறதா என்பதை வெளியிலிருந்து எப்படித் தெரிந்துகொள்வது? சாவியைப் போட்டுத் திறந்து மறுபடி பூட்டினால் அந்தச் சத்தம் காதில் விழும். எனவே பூட்டியிருக்கிறதா என்று பார்ப்பதற்காகத் திறக்க ஆரம்பித்தார். திறந்தபின் இன்னொரு சந்தேகம், நெம்புகோல் முழுக்கப் படிந்திருக்கிறதா என்று. அதையும் தூக்கி, மறுபடி அழுத்திப் பார்த்தார். ஆகவே ஒவ்வொரு வண்டிக்கும் முன்னால், சரியாக இருந்த ஒரு பாயிண்டு சற்று நேரம் சரியில்லாமல் இருந்தது. அதைச் சரியில்லாமல் ஆக்கியவர் எங்களில் மிகவும் கவனமானவர்.

சரிபார்ப்பது வேலை. சரிபார்த்ததைச் சரிபார்ப்பது பயம். தூரத்திலிருந்து பார்க்கிறவனுக்கு இரண்டும் ஒரே மாதிரித் தெரியும். மேலதிகாரிகள் இரண்டையும் மெச்சுவார்கள். உங்களில் யாராவது இரண்டாவதைச் செய்துகொண்டிருந்தால் அது உங்களுக்கே தெரிந்திருக்கும். வெளியில் சொல்லியிருக்க மாட்டீர்கள்.

அப்படி ஒருநாள் காலை தெற்கிலிருந்து ஆட்களை ஏற்றிய வண்டி ஒன்று வருவதாகத் தந்தி வந்தது. பாதை காலி என்று பதில் கொடுத்து, சிக்னலை இறக்கினேன். இறங்கிய கை என்றால் வரலாம் என்று அர்த்தம். ஞானப்பிரகாசம் பாயிண்டுக்குப் போனார். முனியாண்டி பிளாட்பாரத்தைப் பெருக்கிக்கொண்டிருந்தார். கார்ப்பொரல் பனியனோடு வந்து நாற்காலியில் உட்கார்ந்து, கன்னத்தைத் தடவிப் பார்த்துவிட்டுக் கத்தினார்.

"ஓய்!"

சவரத்துக்குச் சுடுதண்ணீர் வேண்டும். அதைச் சொல்ல அங்கே முனியாண்டி இருந்தார், நான் இருந்தேன். அவர் கூப்பிட்டது தொலைவில் முழங்காலிட்டிருந்த வெள்ளைக் கோட்டை.

கூப்பிட்டால் ஓட வேண்டும். ஞானப்பிரகாசம் எழுந்தார், ஒரு கணம் கீழே பார்த்தார், ஓடி வந்தார். நாற்காலிக்கு முன்னால் நின்று குனிந்தார். குனிந்தபோது கோட்டு முன்னால் விலகியது. இடுப்புச் சங்கிலி தொங்கியது. அதன் நுனியில் சாவி இல்லை.

நான் அறை வாசலில் நின்றிருந்தேன். பாயிண்டைப் பார்த்தேன். நெம்புகோல் படுத்திருக்கவில்லை, நிமிர்ந்தும் இருக்கவில்லை. பாதியில் நின்றது.

தெற்கே வயல் முடிகிற இடத்தில் புகை எழுந்திருந்தது. நிலக்கரி இல்லாமல் விறகு எரித்து ஓட்டிய காலம். வண்டி மெதுவாகத்தான் வரும். மெதுவாக என்றாலும் வரும்.

கார்ப்பொரல் தலையசைக்கவில்லை. குனிந்தவர் குனிந்தபடியே இருந்தார். அவர் முகம் எனக்குப் பக்கவாட்டில் தெரிந்தது. வாய் அசைந்துகொண்டிருந்தது, சத்தம் வரவில்லை. அனுமதியில்லாமல் நிமிர்ந்து ஓடினால் ஏன் ஓடினாய் என்று கேள்வி வரும். ஏன் என்பதற்குப் பதில் அந்தப் பாதி நின்ற நெம்புகோல். ஒரு பூட்டு தொங்கியதற்கே ஓர் ஆளைக் கொண்டுபோனவர்கள்.

முனியாண்டி என்னைப் பார்த்தார், நான் பார்த்த பக்கம் பார்த்தார், துடைப்பத்தைக் கீழே வைத்தார். எறியவில்லை, வைத்தார். ஒன்றுமில்லாதவர்போல் பிளாட்பார முனைவரை நடந்து, கீழே குதித்த பிறகுதான் ஓடினார்.

இனி என் பங்கு. சிக்னல் கைப்பிடி என் பக்கத்தில் இருந்தது. அதை ஏற்றிவிட்டால் வண்டி வெளியே நிற்கும், யாரும் சாக மாட்டார்கள். ஆனால் ராணுவத்தின் வண்டி காரணமில்லாமல் நிற்காது, காரணம் கேட்பார்கள். ஏற்றாமல் விட்டால், முனியாண்டி முந்திக்கொண்டால், எதுவுமே நடக்கவில்லை என்று ஆகிவிடும். யாருக்கும் எதுவும் தெரியாது. இந்த இரண்டாவது யோசனை எவ்வளவு அழகாகத் தெரிந்தது என்பதை உங்களுக்குச் சொல்லியாக வேண்டும். பயத்தில் இருக்கிறவனுக்குத் தடயமில்லாத தீர்வுதான் பிடிக்கும். என் கை கைப்பிடியின் மேல் இருந்தது. அது அசைய மறுத்தது. முனியாண்டிக்கு வயது நாற்பதுக்கு மேல், காலில் செருப்பில்லை, வழியெல்லாம் சரளைக்கல் என்பது மட்டும் தோன்றியது. கைப்பிடியைத் தள்ளினேன். சிக்னல் கை மேலேறியது.

வண்டி நீளமாக ஊதியது. இன்னொரு தடவை ஊதியது. பிறகு இரும்பு உரசுகிற சத்தம் வயல் முழுவதும் கேட்டது.

கார்ப்பொரல் எழுந்தார். சிக்னலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அப்போது தெற்கிலிருந்து ஒரு குரல்.

"கெர்பாவ்! கெர்பாவ்!"

எருமை. முனியாண்டி பாயிண்டின் மேல் நின்று, தலைத்துண்டை அவிழ்த்து, வயலைப் பார்த்துச் சுழற்றிக்கொண்டிருந்தார். "ஹோய்! போ! போ! சனியனே! கெர்பாவ்!" கை மேலே துண்டைச் சுழற்றியது. கால் கீழே நெம்புகோலை அழுத்தியது. தொலைவில் சேற்றுக்குள் சில எருமைகள் கிடந்தன, எப்போதும் கிடப்பவை. பக்கத்தில் மேய்ப்பவர் யாரும் நிற்கவில்லை. நின்றிருந்தால் அந்த மலாய்க்காரரின் கதி என்ன ஆகியிருக்கும் என்பதை நான் அப்போது நினைக்கவில்லை.

கார்ப்பொரல் கண்ணைச் சுருக்கி வயலைப் பார்த்தார். பிறகு, இன்னும் குனிந்திருந்த ஞானப்பிரகாசத்தின் தோளை விரலால் தட்டினார். நிமிரச் சொல்லி, மலாயும் ஜப்பானும் கலந்து கேட்டார்.

"கெர்பாவ் கா?"

அவர் சிரித்துக்கொண்டிருந்தார்.

ஞானப்பிரகாசம் நிமிர்ந்தார். அவர் என்ன சொல்லப்போகிறார் என்று எனக்குத் தெரிந்தது. அந்த முகத்தில் பயம் இல்லை. நெடுநாள் சுமந்த ஒன்றை இறக்கிவைக்கப் போகிறவரின் நிம்மதி இருந்தது. என் தப்பு, நான்தான் திறந்தேன் என்று சொல்லிவிட்டால் அவருக்கு எல்லாம் தீரும். தண்டனை கிடைக்கும்; தண்டனை கிடைத்தால் கணக்கு நேராகும். தம்மிடம் இரக்கமில்லாத மனிதருக்குத் தண்டனைகூட ஒரு தலையணை. வாய் திறந்தது.

திறந்த வாயோடு தெற்கே பார்த்தார். முனியாண்டி இன்னும் துண்டைச் சுழற்றிக்கொண்டிருந்தார், இல்லாத எருமையை ஏசிக்கொண்டிருந்தார்.

கார்ப்பொரல் மறுபடி தோளைத் தட்டினார். இம்முறை சிரிப்பில்லை.

"ஹாய்" என்றார் ஞானப்பிரகாசம். ஆமாம்.

கன்னத்தில் ஓர் அறை விழுந்தது. தொப்பி பிளாட்பாரத்தில் உருண்டது. அது வண்டி நின்றதற்காக. எருமைக்கும் அவர்தான் பொறுப்பு. கார்ப்பொரல் என்னைப் பார்த்துச் சவரக் கிண்ணத்தை நீட்டினார். வாங்கிக்கொண்டு, சிக்னலை இறக்கினேன்.

வண்டி நேர்த்தடத்தில் வந்தது. என்ஜின் ஓட்டியவர் நம் ஆள். கடக்கும்போது தலையை வெளியே நீட்டினார்.

"எருமையா?"

"ஆமாண்ணே" என்றேன்.

"எங்க?"

"போயிருச்சு அண்ணே."

"நல்ல எருமை" என்றார். அதற்குள் என்ஜின் கடந்துவிட்டது. பின்னால் இரும்புப் பெட்டிகள் வந்தன. கதவுச் சந்து ஒன்றிலிருந்து ஒரு குரல், "இது எந்த ஊரு அண்ணே?" என்று கேட்டது. கார்ப்பொரல் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

நெருக்கடி அதோடு முடிந்தது என்றுதான் நீங்கள் நினைப்பீர்கள். நானும் நினைத்தேன். நெருக்கடியைச் சமாளிப்பது பாதி வேலைதான். மீதி, சமாளித்த பிறகு அந்த மனிதர்களை என்ன செய்வது என்பது.

மாலையில் ஞானப்பிரகாசத்தின் கன்னம் வீங்கியிருந்தது. "அடிச்சது நியாயம்" என்றார். பிறகு, "நாளைக்குப் பயணி வண்டியில அலோர் ஸ்டாருக்குப் போறேன். ஜப்பான் ரயில்வே அதிகாரிகிட்ட நேர்ல சொல்லிடறேன்" என்றார்.

முனியாண்டி பாதத்தில் கல் குத்திய இடத்தைக் கழுவிக்கொண்டிருந்தார். "என்னன்னு சொல்லுவீங்க?"

"நான் திறந்து போட்டுட்டேன்னு. நான் இந்த வேலைக்கு லாயக்கில்லன்னு."

"எருமை எங்கன்னு கேப்பானே சார்."

"உன் பேரைச் சொல்ல மாட்டேன்."

"அடிச்சா சொல்லுவீங்க சார். நானா இருந்தாலும் சொல்லுவேன். எல்லாரும் சொல்லுவாங்க."

"முனியாண்டி, ஒருதரம் பாக்காம விட்டதுக்கு ஒரு ஆளு போனான். இன்னைக்குப் பாக்கப் போயி, பெட்டி பெட்டியா ஆளுங்களக் கொல்ல இருந்தேன். பாக்காம இருந்தாலும் தப்பு, பாத்தாலும் தப்பு. அப்போ எங்க இருக்கு தப்பு? எங்கிட்டதானே இருக்கு?"

"தப்பு ஜப்பான்காரன்கிட்ட இருக்கு" என்றார் முனியாண்டி. "பூட்டு தொங்குனா ஆளைக் கொண்டு போறவன்கிட்ட இருக்கு."

ஞானப்பிரகாசம் அதைக் கேட்டதாகவே தெரியவில்லை. பூட்டிலிருந்து எடுத்த சாவி முனியாண்டியிடம் இருந்தது. அவர் கேட்கவில்லை, முனியாண்டி கொடுக்கவும் இல்லை.

மறுநாள் காலை அவர் கோட்டை இன்னும் வெளுப்பாகத் துவைத்துப் போட்டிருந்தார். சவர்க்காரம் கிடைக்காத காலம், சாம்பலில் துவைத்தது. கொடிகள் இரண்டையும் என்னிடம் கொடுத்தார். "இன்னைக்கு நீ காட்டு தம்பி." நான் வாங்கி அக்குளில் இடுக்கிக்கொண்டேன். அவர் ஏறினால் முனியாண்டி அன்றே ஓடியாக வேண்டும். எங்கே ஓடுவது? நானும்தான், சிக்னலை ஏற்றிய கை என்னுடையது.

கார்ப்பொரல் நாற்காலியில் இருந்தார், தேநீர் குடித்துக்கொண்டு. தமிழ் அவருக்குத் தெரியாது. முகங்கள் தெரியும். அதனால் பிளாட்பாரத்தில் யாரும் முகத்தைக் காட்டிப் பேசுவதில்லை.

வண்டி வந்து நின்றது. ஞானப்பிரகாசம் பெட்டியை நோக்கி நடந்தார். அவருக்கும் பெட்டிப் படிக்கும் நடுவில் கிழங்குக் கூடையோடு ஒரு பெண் வந்து நின்றாள். பாக்கியம். முனியாண்டிதான் அவளிடம் சொல்லியிருக்க வேண்டும், நான் கேட்டதில்லை. ஞானப்பிரகாசம் பக்கவாட்டில் விலகப் பார்த்தார். சுற்றிக்கொண்டு போக அங்கே இடம் இல்லை.

அவள் கூடையிலிருந்து ஒரு கிழங்கை எடுத்து, விற்பவள்போல் நீட்டினாள். கார்ப்பொரல் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் முகத்தில் வியாபாரச் சிரிப்பு இருந்தது. குரல் அந்தச் சிரிப்போடு சேரவில்லை.

"வாங்கிக்கங்க சார். அவன் பாக்கறான். வாங்குங்க."

அவர் வாங்கினார்.

"நீங்க போயி சொன்னா வேலு வந்துருவாரா?"

"இல்லம்மா."

"பூட்டை அமுக்காம விட்டது வேலு. அது அவரு தப்பு. அவரு ஒண்ணும் கெட்ட ஆளில்ல. அன்னைக்குப் பசி, மறந்துட்டாரு. நான் அவரை ஏசல. உங்களையும் ஏசல. நீங்கதான் நாள் முழுக்க உங்களை ஏசிக்கிட்டுத் திரியிறீங்க. லயத்துல உக்காந்துகிட்டு அதைப் பாத்துப் பாத்து எனக்குச் சலிச்சுப் போச்சு சார். என் புருஷன் செத்ததை நான் அழுதுக்கணும். நீங்க எனக்கு முன்னாடி நின்னு மறைச்சுக்கிட்டிருக்கீங்க."

ஞானப்பிரகாசம் கிழங்கைப் பார்த்தபடி நின்றார். அதுவரை வேலு செத்தார் என்று அந்த நிலையத்தில் யாரும் வாயால் சொன்னதில்லை.

"முனியாண்டி அண்ணனுக்கு மூணு புள்ளைங்க" என்றாள். சிரிப்பு மாறவில்லை. "அந்தாளுகிட்ட, விளக்கு அணைஞ்சப்போ, போய்ச் சாப்பிடுன்னு சொன்னீங்களாமே. லயம் பூரா சொல்லிக்கிட்டிருந்தாரு. அதே வாய்தானே உங்களுது?"

என்ஜின் ஊதியது. நேரமாகிவிட்டது. கார்ப்பொரல் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு எங்கள் பக்கம் திரும்பினார். ஒரு கிழங்கு வாங்க இவ்வளவு நேரமா என்று அவர் யோசிப்பது நெற்றியில் தெரிந்தது. எழுந்திருக்கக் கையை நாற்காலியில் ஊன்றினார். பாயிண்டுப் பக்கம் முனியாண்டி நின்றார், இடுப்பில் சாவியோடு, எங்களைப் பாராமல்.

பாக்கியம் என்னிடம் வந்தாள். கேட்கவில்லை. என் அக்குளிலிருந்து பச்சைக் கொடியை உருவி, கூடையின் மறைவில் அவர் பக்கம் நீட்டினாள்.

"ஏறுறதுன்னா ஏறுங்க. இல்லன்னா இதைப் புடிங்க. வண்டி நிக்குது."

வண்டி எட்டு இருபத்தைந்துக்குப் புறப்பட்டது. கொடி காட்டியவர் ஞானப்பிரகாசம்.